மிதித்து வந்த வழிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலை என்று பெயர் தாங்கிய இடத்திலும் நாம் காண்பது கடலோரக் கேணியும் சுண்ணாம்புக் கற்பாறையுமே. ஆயினும் தடித்த ரயர் பூட்டிய மலைச் சைக்கிள்களில் வெளிநாட்டு விருந்தினர் இன்று நமது ஒழுங்கைகளில் ஊர்ந்து செல்வதைக் காண்கிறோம். கந்தரோடையின் சிறு தூபிகள், நிலாவரைக் கிணறு, வல்லிபுரக் கோயில், மணற்காட்டு மணற்குன்றுகள் ஆகியவை அவர்களுடைய வழிப்படத்தில் புள்ளிகளாக விளங்குகின்றன. வரட்டும், நல்லதே. ஆனால் அந்தப் படத்தில் இடம்பெறாத வழிகளும் இம்மண்ணில் உண்டு. அவ்வழிகளில் மக்கள் உல்லாசத்துக்காக மிதிக்கவில்லை.

குடாநாட்டின் கரடுமுரடு அதன் நிலத்தின் தன்மையில் உள்ளது. வலிகாமத்தில் சுண்ணக்கல்லின் மேல் படிந்த செம்பாட்டு மண்; மழை பெய்தால் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விடாது. தென்மராட்சியில் கால் புதையும் மணல். வடமராட்சி கிழக்கிலோ காற்று குவித்து வைத்த மணல்மேடுகள். கடலேரிகளின் ஓரங்களில் கோடையில் வெடித்தும் மாரியில் சேறாகியும் கிடக்கும் தரவை வெளிகள். இவற்றுக்கிடையே பனையோலை வேலிகளுக்கு நடுவில் வளைந்து நெளிந்து செல்வன நமது ஒழுங்கைகள்.

இந்த ஒழுங்கைகளின் வளைவு நெளிவைக் கவிஞர்கள் வியக்கலாம். அவற்றை வளைத்தது சொத்துரிமை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின் கீழ்க் காணிகள் தலைமுறை தலைமுறையாகத் துண்டாடப்பட்டன. ஒவ்வொரு துண்டுக்கும் கிணற்றில் பங்கு வேண்டும். அங்கு போய்வர வழி வேண்டும். இன்றும் நமது உறுதிகளில் ‘வழி வாய்க்கால்’ என்ற சொற்றொடர் தவறாது காணப்படும். காணி உடையவனுக்கு வழி உரிமை எழுத்தில் இருந்தது. காணி அற்றவனுக்கோ அடுத்தவன் தயவில்தான் வழி. வேலியின் எந்தப் பக்கத்தில் ஒருவன் நிற்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தில், ஒழுங்கையும் ஒருவகை நீதிமன்றமாகவே இருந்தது எனலாம்.

இத்தகைய நாட்டுக்குத்தான் துவிச்சக்கர வண்டி வந்து சேர்ந்தது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவான ‘ரோவர்’ வண்டியை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஸ்ராலி என்பார் 1885இல் உருவாக்கினார். காற்றடைத்த ரயருக்கு 1888இல் டன்லொப் காப்புரிமை பெற்றார். அந்த ரயருக்கு வேண்டிய இரப்பர் எங்கிருந்து வந்தது? கொங்கோவில் பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் ஆட்கள் வெட்டிய கைகளின் கதையை உலகம் அறியும். இலங்கையிலோ, 1876இல் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு அனுப்பப்பட்ட கன்றுகளிலிருந்து இரப்பர்ப் பயிர் தொடங்கிற்று. பின்னர் எழுந்த தோட்டங்களில், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பால் வெட்டினர். அவர்கள் சேர்த்த பால் கப்பலேறிச் சென்று, ரயராக உருமாறித் திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்து ஆசிரியரும் எழுதுவினைஞரும் அதன்மேல் ஏறிப் பள்ளிக்கும் கந்தோருக்கும் சென்றனர். அவர்களில் எத்தனை பேர் அந்தத் தோட்டத் தொழிலாளியைத் தம்மவன் என்று எண்ணினர் என்பது வேறு கேள்வி.

ஆயினும் வண்டி மெல்ல மெல்லக் கைமாறிற்று. புகையிலைச் செய்கையாளனும் மீன் பெட்டி சுமந்தவனும் கள்ளிறக்கும் தொழிலாளியும் அதன் கரியரில் தம் பிழைப்பைக் கட்டினர். பருத்தித்துறைக் கரையில் விடியலில் விழுந்த மீன் உள்ளூர்ச் சந்தைகளுக்குப் பழுதாகாமல் வந்துசேர முடிந்ததற்கு இந்த இரும்புக் குதிரையும் ஒரு காரணம். அரசாங்க வீதியில் எவனும் மிதிக்கலாம். ஆனால் வீதி சென்று முடியும் இடத்தில் தேநீர்க் கடையும் கோயிலும் கதவைச் சாத்தின. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னும் அக்கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தடியால் அடித்தனர், ஊர்வலம் நின்றுவிடவில்லை, முற்றவெளியில் கூட்டம் நடந்தேறியது. ஏறக்குறைய 10 கிலோமீற்றர் நீளமான அந்தக் காங்கேசன்துறை வீதியை நமது சரித்திர வழிகளுள் முதன்மையாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மாவிட்டபுரக் கோயில் வாசலில் 1968இல் நடந்த போராட்டமும் அதே வீதியின் மறுமுனையில்தான் நிகழ்ந்தது.

இனி 1990க்கு வருவோம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, ஆனையிறவு முகாமால் கண்டி வீதி அடைபட்டது. அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையால் எரிபொருள் குடாநாட்டுக்குள் வருவது அற்றுப்போயிற்று. மோட்டார் வண்டி வைத்திருந்தோர் சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அதன் புகையும் நாற்றமும் அக்காலத்தில் வாழ்ந்தோருக்கு மறவா. மற்றெல்லாச் சுமையும் சைக்கிளின் மேல் விழுந்தது. விறகு, நெல் மூடை, பிரசவ வேதனையில் துடிக்கும் பெண், அனைத்தும் அந்த இரண்டு சக்கரத்தின் பொறுப்பாயின. பற்றரி கிடைக்காத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டனர். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். வறுமை கற்பித்த விஞ்ஞானம் இது.

கண்டி வீதி அடைபட்டபின் தெற்கே போக மக்கள் கண்டுபிடித்த முதல் வழி கொம்படி – ஊரியான். ஆனையிறவுக்குக் கிழக்கே, கடலேரியின் ஆழங்குறைந்த பகுதியூடாகச் செல்லும் சேற்றுவழி அது. மலைச் சைக்கிள் ஓட்டுவோர் கரடுமுரடான தடத்தைப் பெருமையாகப் பேசுவர். கொம்படியில் ஏறியோட்டுவது என்பதே இல்லை. சேறு செயினில் ஏறும். தண்ணீர் முழங்காலைத் தாண்டும். வண்டியைத் தள்ள வேண்டும், சில இடங்களில் தோளில் தூக்க வேண்டும். பொதி நனையாமல் காக்க வேண்டும். அதற்கு மேல் ஷெல் விழுமோ என்று காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். வவுனியா சென்று சிறு வியாபாரச் சரக்கு ஏற்றி வந்தவர்களும், ஓய்வூதியம் பெறப் போன முதியவர்களும் இவ்வழியே நடந்தனர். இராணுவம் வெற்றிலைக்கேணியில் இறங்கி அப்பகுதியைப் பற்றிய பின்னர் அவ்வழியும் மூடிற்று.

எஞ்சியது கிளாலி. கொடிகாமம் வரை மிதித்து, பனங்கூடல் மணலில் உருட்டி, கரையை அடைந்து, இருளும்வரை காத்திருந்து, வண்டியையும் படகில் ஏற்றிப் பூநகரிக் கரைக்குக் கடப்பது முறையாயிற்று. அரசு அக்கடலேரியைத் தடைசெய்த வலயமாக அறிவித்திருந்தது. 1993 ஜனவரி 2ஆம் திகதி கடற்படை அப்படகுகளைத் தாக்கியதில் பொதுமக்கள் பலர் மாண்டனர். புறப்படுவதற்கோ விடுதலைப் புலிகளின் ‘பாஸ்’ வேண்டியிருந்தது. இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் நடுவே, தன் வண்டியை அணைத்துக்கொண்டு படகின் விளிம்பில் அமர்ந்திருந்தவன்தான் அந்நாளைய யாழ்ப்பாணத்தான்.

ஒக்டோபர் 30 என்ற நாளை இங்கே சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. 1995இல் அந்நாளில், இராணுவம் நெருங்க, புலிகள் வெளியேறுமாறு அறிவிக்க, வலிகாமத்து மக்கள் சில இலட்சம் பேர் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளோடு சைக்கிள் முட்டி, ஓட்ட இடமின்றி மழையில் தள்ளியே சென்றனர். ஹான்டிலில் பானை, கரியரில் கிழவி, பாரில் குழந்தை. அந்த இரவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், எழுதியும் இருக்கிறோம். ஆனால் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990இல் அதே ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் விரட்டப்பட்டனர். அவர்களும் இதே வீதியில்தான் போனார்கள். அன்று வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாமே.

1996இல் மக்கள் திரும்பி வந்தனர். செம்மணி வெளியில் சோதனைச் சாவடி எழுந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய கைதடி மாணவி ஒருத்தி அச்சாவடியில் மறிக்கப்பட்டாள். தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. நால்வரின் உடல்களும் பின்னர் தோண்டியெடுக்கப்பட்டன. 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட படையினருள் ஒருவர், செம்மணியில் மேலும் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர் என்று நீதிமன்றில் கூறினார். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15 உடல்கள். அத்தோடு கோப்பு மூடப்பட்டது.

2009இல் போர் முடிந்தது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கிளாலியில் மக்கள் ஓர் இரவெல்லாம் பட்ட பாட்டை இன்று பேருந்து சில நிமிடத்தில் கடக்கிறது. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட ஒழுங்கைகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன; வேலி எது, ஒழுங்கை எது, கிணறு எது என்று அடையாளம் காண முடியாமல் உறுதியைக் கையில் வைத்து நின்றவர்கள் உண்டு. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் உள.

2025 பெப்ரவரியில், செம்மணிக்கு அருகே அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் அவ்வாண்டு செப்டெம்பருக்குள் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் காணப்பட்டன. அவற்றுள் ஒரு சிறு பிள்ளையின் எலும்புகளோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்றும் இருந்தது. மயானத்தை ஒட்டிச் செல்வது கண்டி வீதி. காலையில் அவ்வழியே பிள்ளைகள் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.