பதினோரு பேர் பட்டியலும் ஒரு சாவியும்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது எளிமையான வேலைதான். "நீதானே 2008-09இல் ஹாக்கி செகரட்டரி? நம்ம காலேஜ் ஹாக்கி வரலாற்றை ரெண்டு மூணு பக்கத்துக்கு எழுதிக் கொடுப்பா" என்றார்கள். வாங்கிய கோப்பைகள், கேப்டன்கள், பல்கலைக்கழக அணிக்குப் போனவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முடிந்தது என்று நினைத்து, ஒரு சனிக்கிழமை உடற்கல்வித் துறைக்குப் போனேன். பட்டியல் போடப் போனவன் ஒரு பட்டியலிலேயே மாட்டிக்கொண்டேன்.

பீரோவின் அடித்தட்டில் கரையான் பாதி தின்ற பழைய ரிஜிஸ்டர் ஒன்று கிடைத்தது. 1964-65ஆம் ஆண்டின் பக்கத்தில், மண்டலப் போட்டிக்கான பதினோரு பேர், அவரவர் ஆடும் இடம், வாங்கிய மட்டையின் எண் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. லெஃப்ட் ஹாஃப் இடத்தில் இருந்த பெயர் மட்டும் அடிக்கப்பட்டு, கீழே வேறு மையில் இன்னொரு பெயர். மட்டை எண் 7. தேதி 8-2-1965. ஓரத்தில் இரண்டே வார்த்தை: "கொடுத்தது நான்." அதன் கீழ் கேப்டனின் கையெழுத்து.

போட்டியின் முடிவு எழுதப்படவே இல்லை. அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

அந்த வருஷம் ஹாக்கிக்கு இருந்த மவுசை இன்றைய தம்பிகளுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானிடம் பறிகொடுத்த தங்கத்தை, 1964 அக்டோபர் 23 அன்று டோக்கியோவில் அதே பாகிஸ்தானை 1-0 என்று வென்று இந்தியா மீட்டிருந்தது. கோல் அடித்தவர் மொகிந்தர் லால். கோலைக் காத்தவர் சங்கர் லட்சுமண். அந்த அணியில் நம் சென்னைக்காரர் வி.ஜே. பீட்டரும் இருந்தார். ரேடியோவில் கேட்ட பையன்கள் மறுநாளே மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார்களாம். பதினோரு இடத்துக்கு நாற்பது பேர் போட்டி.

அன்றைய ஆட்டமுறை ஐந்து ஃபார்வர்ட், மூன்று ஹாஃப், இரண்டு ஃபுல்பேக், ஒரு கோல்கீப்பர். இன்று போல நிமிடத்துக்கு நிமிடம் ஆளை மாற்றி இறக்கும் வசதி கிடையாது. அது 1990களில் வந்தது. அன்று ஒருவன் அடிபட்டு வெளியே போனால் மீதிப் பத்துப் பேர் ஆட வேண்டியதுதான். ஆகவே பதினொன்றில் யாரை எழுதுகிறோம் என்பது பெரிய முடிவு. அதிலும் லெஃப்ட் ஹாஃப் இருக்கிறதே, அது தலைவலி பிடித்த இடம். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. அந்தப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். இடது கைக்காரனுக்கென்று தனி மட்டை கிடையாது. மைதானத்தின் இடது ஓரத்தில் நிற்பவன் மட்டையைத் திருப்பிப் பிடித்தே பாதி ஆட்டத்தை ஆட வேண்டும். அப்படி ஆடத் தெரிந்தவன் கல்லூரிக்கு ஒருவன் கிடைத்தால் பெரிய விஷயம். 1965இல் நமக்கு ஒருவர் இருந்தார். அடிக்கப்பட்ட பெயர் அவருடையதுதான்.

அன்றைய கேப்டனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. விலாசம் கண்டுபிடித்துப் போனேன். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கேப்டன் ஐயா என்றே சொல்கிறேன். பக்கத்தின் போட்டோ நகலைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "இது இன்னும் இருக்குதுங்களா?" என்றார்.

அந்த நாட்களின் வரலாறு நமக்கெல்லாம் தெரிந்ததுதான் என்றாலும், தேதிகளைச் சொன்னால்தான் கதை புரியும். அரசியல் சட்டப்படி 1965 ஜனவரி 26 முதல் இந்தி நாட்டின் ஆட்சிமொழியாக வேண்டும். 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடர 'இடம்' கொடுத்ததே தவிர, தொடர்ந்தே தீரும் என்று உறுதி கொடுக்கவில்லை. படித்து வேலைக்குப் போக வேண்டிய மாணவனுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் தொடங்கிய மோதல் மாநிலம் முழுவதும் பரவியது. ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். சிலர் தீக்குளித்தார்கள். பிப்ரவரி இரண்டாம் வாரம்தான் நிலைமை மிகவும் மோசம். நமக்குப் பக்கத்து ஊரான திருப்பூரில் இரண்டு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்களைக் கூட்டம் எரித்துக் கொன்றது. பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ராணுவம் வந்தது. அரசுக் கணக்குப்படியே மொத்தம் எழுபது பேர் அளவில் மாண்டார்கள்; அதைவிட மிக அதிகம் என்று சொல்வோரும் உண்டு. பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகினார்கள். அன்று இரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி உறுதிமொழி கொடுத்தார். 1967இல் சட்டம் திருத்தப்பட்டது. மாணவர்கள் கேட்டது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களால்தான் என் தலைமுறை தமிழும் ஆங்கிலமும் படித்து வேலைக்குப் போனது.

இனி கேப்டன் ஐயா சொன்னது.

"லெஃப்ட் ஹாஃப் ஆடினவன்தான் ஹாஸ்டல்லயே பெரிய போராட்டக்காரன். பேசினான்னா பத்து ரூமும் காலியாயி கீழ வந்துரும். எட்டாம் தேதி சாயங்காலம் என் ரூமுக்கு வந்தான். 'நாளைக்கு ஊர்வலத்துல முன்னாடி போறேன். இது ஆடறதுக்குக் கொடுத்தது, நீயே வெச்சுக்கோ'ன்னு மட்டையை வெச்சுட்டுப் போயிட்டான். எனக்குக் கோபம். மேட்ச்சை விட்டுட்டுப் போறானேன்னு. அவன் பேரை அடிச்சுட்டு, ரெண்டாம் வருஷப் பையன் ஒருத்தன் பேரை எழுதினேன். ஓடி ஓடி ஆடுவான், நல்ல பையன். மட்டையைக் கையில கொடுத்து, 'இனிமே நீ டீம்ல இருக்கறே'ன்னு சொன்னேன். பையன் அன்னிக்கு ராத்திரி தூங்கலை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே தொடர்ந்தார். "தம்பி, இதைக் கேட்டுக்கோங்க. அந்த வாரம் மேட்ச் நடக்காதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். பஸ் ஓடலை, ரயில் ஓடலை, எவன் வந்து மேட்ச் ஆடப் போறான்? அப்புறம் எதுக்கு அந்தப் பையன் கையில மட்டையைக் கொடுத்தேன்? லெஃப்ட் ஹாஃப் மேல இருந்த வீம்புதான்."

மறுநாள் ஊர்வலம் அமைதியாகத்தான் கிளம்பியது. முன்வரிசையில் போன லெஃப்ட் ஹாஃப் வெறுங்கையோடு போய், வெறுங்கையோடு கைதானார். கூட்டம் கலைந்தபோது பின்னால் இருந்தவர்கள் வேறு தெருவில் திரும்பினார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டாம் வருஷப் பையனும் இருந்தான், கையில் மட்டையோடு. "டீம் ஆளாடா நீ? வா" என்று சீனியர் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். நின்றிருந்த பஸ் ஒன்றின் மேல் எல்லோரும் கல் எறிந்தார்கள். பையன் மட்டையை எறிந்தான். டிரைவரின் நெற்றி பிளந்தது. கல்லூரி முத்திரையோடு ஏழாம் எண் மட்டை பஸ்ஸுக்குள்ளேயே கிடந்தது.

போலீஸ் மட்டையோடு கல்லூரிக்கு வந்தது. ரிஜிஸ்டரைக் கேட்டார்கள். பையனின் பெயர் அங்கே இருந்தது. கேப்டன் ஐயா சும்மா இருந்திருக்கலாம். அவர் அந்தத் தெருவிலேயே இல்லை. ஆனால் முதல்வர் அறையிலேயே பேனாவை வாங்கி ஓரத்தில் எழுதினார்: கொடுத்தது நான். பையன் செய்தது பையனுடையது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மட்டை அவன் கைக்கு எப்படிப் போனது என்பது என்னுடையது என்று சொன்னாராம். பையனுக்கு அந்தப் பருவம் போனது. இவருக்குக் கேப்டன் பதவியும் கல்லூரிக் கலர்ஸும் போயின.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் டிரைவரைப் பார்த்திருக்கிறார். தலையில் கட்டோடு அவர் கேட்ட கேள்வியை ஐயா இன்னும் மறக்கவில்லை. "தமிழுக்காகத்தான் எறிஞ்சீங்களா தம்பி? எனக்குத் தமிழ் ஒண்ணு மட்டுந்தானே தெரியும்?"

நண்பர்களே, கூட்டத்தில் நடந்தது யார் கணக்கு என்ற கேள்விக்கு நீதிமன்றங்களே திணறியிருக்கின்றன. 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரி அருகே, கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்கு அரசியல் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் வெந்து இறந்தார்கள். குற்றவாளிகள் மூவரின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2010இல் உறுதி செய்தது. 2016இல் ஆயுளாகக் குறைத்தது. கூட்ட வெறியில் நிதானம் இழந்த நிலையில் செய்தது, அந்தப் பெண்களைக் கொல்வது நோக்கமல்ல என்பது அதன் சாரம். தண்டனை குறையலாம். ஆனால் தீப்பெட்டியை உரசியது ஒரு கைதான். கூட்டத்துக்கென்று தனியாகக் கை கிடையாது. நான் வேலை பார்க்கும் ஆலையில், உயரத்தில் ஏறி ஒரு போல்ட் முடுக்க வேண்டுமென்றாலும் அனுமதிச் சீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். விபத்து நடந்தால் முதலில் அந்தச் சீட்டைத்தான் தேடுவோம். கூட்டத்தில் அந்தச் சீட்டு இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடுகிறது.

இதை எழுதுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று ஒருவராவது கேட்பார். 2009 பேட்ச் நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

2009 ஜனவரி 29 அன்று ஈழப் போரை நிறுத்தச் சொல்லி முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்து உயிர்விட்டார். மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். நானும் அழுதேன், கோஷம் போட்டேன். கல்லூரிகளைக் காலவரையின்றி மூட அரசு உத்தரவிட்டு, ஹாஸ்டல் காலியாகிக்கொண்டிருந்த மாலை, நாலு பேர் என்னிடம் வந்து கேம்ஸ் ரூம் சாவியைக் கேட்டார்கள். செகரட்டரி என்ற முறையில் ஒரு சாவி என்னிடம் இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு அரசு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. நல்லவேளையாக யாருக்கும் பெரிய காயம் இல்லை. நாலு மட்டை காணாமல் போயிற்று.

கல்லூரி திறந்ததும் விசாரித்தார்கள். "சாவி எப்பவும் ஆணியிலேதான் தொங்கும் சார்" என்றேன். பொய் என்றும் சொல்ல முடியாது; இன்னொரு சாவி ஆணியில்தான் தொங்கும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் மார்க்கர் அண்ணன். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்திருந்தது, போய்விட்டேன்.

கேப்டன் ஐயா வீட்டிலிருந்து திரும்பிய மறுவாரம் மார்க்கர் அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் தம்பி. நாலு மட்டைக்கும் ஆறு மாசம் சம்பளத்துல பிடிச்சாங்க. நீங்க அன்னிக்குச் சொல்லியிருந்தா உங்க டிகிரி போயிருக்கும். எனக்கு ஆறு மாசத்தோட போச்சு, விடுங்க" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அவருடைய 'விடுங்க'வை என்னால் இன்னும் விட முடியவில்லை. பணத்தைக் கொடுத்தேன்; வாங்க மறுத்துவிட்டார்.

1965இல் லெஃப்ட் ஹாஃப் ஆடியவர் எங்களையெல்லாம் விடப் பெரிய போராட்டக்காரர். ஊர்வலத்துக்குப் போகும்முன் மட்டையை வைத்துவிட்டுப் போனவரும் அவர்தான். போராடுவதற்கும் பொறுப்புக்கும் பகையில்லை என்று அவரிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் இன்று நம்மிடையே இல்லை.

கேட்ட வரலாற்றை எழுதினேனா என்று தெரியவில்லை. கோப்பைகளின் பட்டியலை மலர்க் குழுவினரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். 2009 பேட்ச் சார்பில் உடற்கல்வித் துறைக்குப் பதினோரு புது மட்டையும், ஒரு புது ரிஜிஸ்டரும் கொடுக்கிறோம். அதில் வாங்குபவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் கொடுப்பவர் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.

சந்திப்பு நாளன்று காலை பழைய மாணவர்களுக்கும் இப்போதைய அணிக்கும் காட்சிப் போட்டி உண்டு. பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். லெஃப்ட் ஹாஃபுக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மூட்டு வலி இல்லாதவர்கள் பெயர் கொடுக்கலாம். மட்டையை நான்தான் கொடுப்பேன். கையெழுத்தும் நான்தான் போடுவேன்.