கிராமத்திலிருந்து வகுப்பறைக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் ஜேர்மன் மரபே மேலோங்கியிருந்தது. சொல்தான் கோடாயும் பேலா பார்ட்டோக்கும் அங்கு இசையமைப்புப் பயின்றது ஹான்ஸ் கெஸ்லர் என்ற ஜேர்மானியரிடமே. ஹங்கேரியக் குடியானவனின் பாட்டு அந்த வகுப்பறைக்கு வெளியேதான் நின்றது.

1905 இல் கோடாய் அதைத் தேடிக் கிராமங்களுக்குப் போனார். பட்டம் பெறவிருந்த இளைஞர், இசை இலக்கணம் அறியாத கிராமத்தார் முன் மாணவராய் அமர்ந்தார். மறு ஆண்டே அவரும் பார்ட்டோக்கும் 20 நாட்டார் பாடல்களை நூலாக வெளியிட்டனர்.

ஆனால், நூலில் ஏறிய பாட்டு பிள்ளைகளின் வாயில் ஏறிவிடவில்லை. பாடசாலைகளிலே தரங்குறைந்த பாடல்கள் கற்பிக்கப்படுவதை 1929 இல் எழுதிய கட்டுரையொன்றில் கோடாய் கடுமையாகச் சாடினார். மொழியைப் போலவே இசையிலும் பிள்ளைக்குத் தாய்மொழி உண்டு என்பது அவரது வாதம். 1950 இல், அவர் பிறந்த ஊரான கெச்கெமேத்தில், நாள்தோறும் பாட்டு வகுப்பு நடக்கும் ஆரம்பப் பாடசாலை தொடங்கியது. அங்கே முதலில் குரல்; வாத்தியம் பிறகுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கோடாய் முறையில் கையசைவால் சுரங்காட்டும் உத்தி இங்கிலாந்தின் ஜோன் கர்வனுடையது. தாளத்தை அசைகளாகச் சொல்லும் வழக்கம் பிரான்சிலிருந்து வந்தது. இரவல் வாங்க அவர் வெட்கப்படவில்லை. கற்பிக்கும் வழியை அயலாரிடம் பெற்றார். பிள்ளை முதலில் பாடும் பாட்டை மட்டும் பெறவில்லை.