நாய்க்கு வந்த கட்டியும் நம்ம வீட்டு மாத்திரையும்

லீவில் ஊருக்குப் போனால் அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கிற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கொலஸ்டிராலுக்கு ராத்திரி ஒன்று, எலும்புக்கு வாரம் ஒருநாள் வெறும் வயிற்றில் ஒன்று. இரண்டுக்கும் டப்பாவைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை என்றுதான் தோன்றும். உண்மையில் செல்லுக்குள் இரண்டும் ஒரே தண்டவாளத்தில் வேலை செய்பவை. புற்றுநோய்ப் பேச்சில் இவை அடிபடுவதும் அதனால்தான்.

முதல் மாத்திரையின் கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது. சாங்க்யோ கம்பெனியில் வேலை பார்த்த அகிரா எண்டோ 1971-ல் பூஞ்சைகளைச் சோதிக்க ஆரம்பித்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள்! கடைசியில் கியோட்டோவில் ஓர் அரிசிக் கடையிலிருந்து வந்த நீலப்பச்சைப் பூஞ்சையில் 1973-ல் சிக்கியது காம்பாக்டின், முதல் ஸ்டாடின். எலியிடம் பலிக்கவில்லை. கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொலஸ்டிரால் இறங்கியது. (முட்டை போடும் ஜீவனாச்சே, கொலஸ்டிரால் உற்பத்தி ஜாஸ்தி.)

1980-ல் இடி விழுந்தது. மனிதருக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு அதிக அளவு கொடுக்கப்பட்ட நாய்களின் குடலில் புற்றுக்கட்டி மாதிரி தெரிந்ததாகச் சொல்லி சாங்க்யோ காம்பாக்டினைக் கைவிட்டது. அந்தச் செய்தி கேட்டு, அமெரிக்காவில் மெர்க் கம்பெனியும் தன் லோவாஸ்டாடின் சோதனையை நிறுத்தியது. மறுபடி நிதானமாகச் சோதித்து, 1987-ல்தான் அது விற்பனைக்கு வந்தது. அந்தப் பயம் வீண் என்று பின்னால் தெரிந்தது. 2012-ல் 27 பெரிய ஆய்வுகளை, சுமார் 1,75,000 பேரைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, ஸ்டாடினால் புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஹார்ட் அட்டாக் வந்தவர், ஏதோ ஃபார்வர்டைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதுதான் நிஜமான ஆபத்து.

எலும்பு மாத்திரைக்கு மூதாதையர் வேறு. குழாயில் சுண்ணாம்புப் படிவு கட்டாமல் தடுக்கும் ரசாயனங்களின் குடும்பம் அது. ஸ்விட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃபிளைஷ் குழுவினர் 1960-களில் அவற்றை எலும்புப் பக்கம் திருப்பினார்கள். எலும்பை அரிக்கும் செல்களை இவை அடக்குவது தெரிந்தது, எப்படி என்பது முப்பது வருஷம் புரியவில்லை. 1990-களின் கடைசியில்தான் விடை வந்தது: அலெண்ட்ரோனேட், சோலிட்ரோனிக் ஆசிட் போன்றவை மறிப்பது ஸ்டாடின் மறிக்கும் அதே மெவலோனேட் பாதையை!

சென்னையிலிருந்து கிளம்பும் ரயில் என்று வையுங்கள். ஸ்டாடின் பேசின் பிரிட்ஜிலேயே சிவப்பு விளக்கு போடுகிறது. எலும்பு மருந்து அரக்கோணத்துக்கு சற்று முன்னால். அரக்கோணம் ஜங்ஷன் அல்லவா? இந்தப் பாதைக்கும் அங்கே கிளை உண்டு. ஒன்று கொலஸ்டிராலுக்குப் போகிறது. இன்னொன்று, ராஸ், ரோ போன்ற புரதங்களைச் செல் சவ்வில் ஒட்டவைக்கும் கொழுப்பு வால்களுக்கு. 'பெருகு' என்று செல்லுக்குக் கட்டளையிடும் புரதம் ராஸ். பல புற்றுகளில் அது கெட்டுப்போய், நிற்காமல் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். வால் இல்லாவிட்டால் சவ்வில் ஒட்ட முடியாது. வேகமாகப் பெருகும் புற்றுச்செல்லுக்கு சவ்வு கட்டக் கொலஸ்டிராலும் வேண்டும். ஆகவே பாதையை அடைத்தால் ஆய்வகத் தட்டில் அது தவிக்கிறது, சாகவும் செய்கிறது.

தட்டு வேறு, உடம்பு வேறு. தட்டில் ஊற்றும் அளவு பெரும்பாலும் மாத்திரையால் ரத்தத்தில் கிடைக்காது. ஸ்டாடினின் பெரும்பகுதியைக் கல்லீரலே பிடித்துக்கொள்கிறது. கேட்டை மூடினால் செல் அதே என்சைமை இன்னும் அதிகமாகத் தயாரித்துச் சமாளிக்கவும் பார்க்கும். 2017-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஒருவகை நுரையீரல் புற்றுநோயாளிகள் 846 பேரில் கீமோவோடு பிராவாஸ்டாடின் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை.

எலும்பு மருந்து தன் இடத்தில் ஜெயித்தது. 2015-ல் மார்பகப் புற்று சிகிச்சை பெற்ற 18,766 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். மாதவிடாய் நின்றவர்களில், பத்து வருஷத்தில் எலும்பில் புற்று திரும்பியது 8.8 சதவீதத்திலிருந்து 6.6-ஆகக் குறைந்தது. மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 18 சதவீதத்திலிருந்து 14.7. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. மருந்து போய்ச் சேருவதே எலும்பில்தான், பலனும் முக்கியமாக அங்கேதான். வீட்டில் யாருக்காவது இந்த ஊசி போடச் சொன்னால், ஆட வேண்டிய பல், பிடுங்க வேண்டிய பல் எல்லாவற்றையும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகிற சிக்கல் அபூர்வம்தான், ஆனால் உண்டு.