காற்றுச் சுமக்கும் பாரம்: லொறி ரயர்ப் பராமரிப்பின் வரலாறு

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதியுள்ளனர். நிலக்கரிக்கும் உருக்குக்கும் எண்ணெய்க்கும் வழங்கப்பட்ட இடம் இறப்பருக்கு வழங்கப்படவில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் உணவுப் பொருளும் போர்க்கருவியும் வீதிவழியே பெயர்ந்தமை ரயரின் மீதேயாம். அந்த ரயரைப் பேணும் முறைகள் எப்பொழுது அறியப்பட்டன, எப்பொழுது கட்டாயமாக்கப்பட்டன, யாருடைய நன்மை கருதிக் கட்டாயமாக்கப்பட்டன என மூன்று வினாக்களை எழுப்பின், அறிவு முந்தி நிற்பதையும் சட்டம் வெகுதூரம் பிந்தி வருவதையும் காணலாம். அச்சட்டமும் முதலில் இறப்பரைக் காக்கவே வந்தது. மனித உயிரைக் காக்க வந்தது அதன் பின்னரே.

கந்தகத்தோடு சேர்த்து வெப்பமேற்றிய இறப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் நிற்கும் என்பதைச் சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபேட் வில்லியம் தொம்சன் 1845இல் காற்றடைத்த சில்லுக்கு ஆக்கவுரிமை பெற்றார். குதிரை வண்டிக் காலத்தில் அதற்குத் தேவை எழாமையால் அது மறக்கப்பட்டது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப் தம் மகனின் முச்சில்லு வண்டிக்காக அதனை மீளக் கண்டார். 1895இல் பாரிஸ் - போர்தோ ஓட்டப் போட்டியில் மிச்சலின் சகோதரர் காற்று ரயர் பூட்டிய மோட்டார் வண்டியைச் செலுத்தினர். எனினும் பாரம் ஏற்றும் வண்டிகள் இப்புதுமையை ஏற்கவில்லை. முதலாம் உலகப் போரிற் பயன்பட்ட இராணுவ லொறிகளுட் பெரும்பாலானவை கட்டி இறப்பர் ரயரிலேயே ஓடின.

இதனைப் பழமைப்பற்று என ஒதுக்குதல் பொருந்தாது. கட்டி ரயர் ஆணியேறினும் படுக்காது. அதற்குக் காற்றுப் பார்க்க வேண்டியதில்லை. தேயும்வரை ஓட்டி, தேய்ந்தபின் அழுத்தப்பொறியினாற் கழற்றிப் புதியதொன்றைப் பொருத்தினாற் போதும். மாறாக, அக்காலக் காற்று ரயரின் உட்துணி குறுக்கும் நெடுக்குமாக நெய்யப்பட்ட கித்தான் ஆகும். சில்லு சுழலுந்தோறும் இழையோடு இழை உராய்ந்து அறுந்தது. பல தொன் பாரத்தை அதன்மேல் ஏற்றத் துணியாதோரைக் குறைகூற இயலாது. ஆயின் கட்டி ரயருக்கான விலையை வீதியும் வண்டியும் சரக்கும் கொடுத்தன. வேகம் கூடினால் இறப்பரின் உள்ளே தேங்கிய வெப்பம் அதனைச் சிதைத்தது. அதனால் லொறியின் வேகம் மட்டுப்பட்டே இருந்தது.

1917 ஏப்ரிலில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரிலிருந்து பொஸ்ரன் நகருக்கு, குட்இயர் கம்பனி தன் காற்று ரயர்கள் பூட்டிய பக்காட் லொறியொன்றை அனுப்பியது. ஏறக்குறைய 740 மைல் தூரம். வீதிகள் சேறாயிருந்தன, ரயர்கள் அடுத்தடுத்து வெடித்தன, முதற்பயணம் வாரக்கணக்கில் நீடித்தது. பின்னர் அதே பாதையிற் சென்ற லொறிகள் சில நாள்களிலேயே அத்தூரத்தைக் கடந்தன. கம்பனி வரலாறுகள் இதனை வெற்றிக் கதையாகவே கூறுகின்றன. என் நோக்கில் அதன் முக்கியத்துவம் வேறொன்றிலும் உண்டு. கட்டி ரயரோடு இல்லாத ஒரு கடமை, அதாவது நாள்தோறும் காற்றைப் பார்க்கும் கடமை, அப்பயணத்தோடு சாரதியின் தலையில் ஏறியது.

அக்கடமையின் தன்மையை விளங்குதற்கு ரயர் தொழிற்படும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். பாரத்தைத் தாங்குவது இறப்பர் அன்று, அதனுள் அடைபட்ட காற்றே. இறப்பரும் இழையும் அக்காற்றைப் பிடித்துவைக்கும் கலம் மாத்திரமே. சிறிய காரின் ரயரிற் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலளவு அமுக்கம் இருப்பின், பாரலொறியின் ரயரில் 100 இறாத்தலளவு இருக்கும். அமுக்கம் குறைந்தால் ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகையாக மடிந்து நிமிரும். மடிதலால் வெப்பம் பிறக்கும். இறப்பர் வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகலின் அது உள்ளேயே தேங்கி, படைகளைப் பிணைக்கும் ஒட்டினைத் தளர்த்தும். இதில் நயவஞ்சகமான கூறு யாதெனில், காற்றுக் குறைந்த இடத்தில் ரயர் வெடிப்பதில்லை. பல மைல் கடந்து, சில வேளை பல நாள் கழித்து வெடிக்கின்றது. சாரதி வீதியைப் பழிப்பான், வெயிலைப் பழிப்பான். உண்மைக் காரணம் பின்தங்கிவிட்டிருக்கும்.

பின்னச்சில் இரட்டைச் சில்லுகள் பூட்டும் முறை இச்சிக்கலைப் பெருக்கியது. இரண்டில் ஒன்று காற்றிழந்தாலும் அது சப்பளிந்து தோன்றாது. அயலிலுள்ள ரயர் அதனையும் சேர்த்துத் தாங்கும். ஆகவே வெளியே நின்று பார்ப்போனுக்கு இரண்டும் நலமே. உள்ளே ஒன்று வெறுமையாய் மடிந்து வேக, மற்றது இருமடங்கு சுமையில் அழிகின்றது. சுற்றளவு வேறுபட்ட இரு ரயர்களைச் சேர்த்துப் பூட்டினாலும் கேடே. இரண்டும் ஒரே குடத்திற் பிணைந்து ஒரே எண்ணிக்கையிற் சுழலவேண்டியிருத்தலின், சிறியது வீதியில் அரைபட்டுத் தேயும். ஓடிச் சூடேறிய ரயரில் அமுக்கம் உயர்தல் இயல்பு. அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடும் சாரதி, ரயர் ஆறியபின் குறைந்த காற்றோடு பயணந் தொடங்குகிறான். கோலால் தட்டி ஓசை கேட்டுப் பார்க்கும் வழக்கம் முற்றாகப் படுத்த ரயரைக் காட்டிக்கொடுக்கும். கால்வாசி குறைந்ததை அது காட்டாது. அமுக்கமானியின் வேலையைக் காது செய்ய இயலாது.

இவை யாவும் மறைபொருளாக இருந்தவை அல்ல. பாரத்துக்கேற்ற அமுக்க அட்டவணைகள் இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே வெளிவந்திருந்தன. எனினும் பேணுதல் என்பது வண்டிச் சொந்தக்காரரின் சிக்கன விடயமாகவே கருதப்பட்டது. அந்நிலையை மாற்றியது யப்பானியப் படையெடுப்பு. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த சில வாரங்களில் ஒல்லாந்தர் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகளும் வீழ்ந்தன. அமெரிக்கா பெற்றுவந்த இயற்கை இறப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கின் ஊற்றுக்கண் அடைபட்டது. ரயர்ப் பங்கீடு அவ்வாண்டு சனவரியிலேயே தொடங்கிவிட்டது. பேர்னாட் பரூக் தலைமையில் அமைந்த குழு செப்ரெம்பரில் அளித்த அறிக்கை, நாடெங்கும் பெற்றோலைப் பங்கிடுமாறும் வேகத்தை மணிக்கு 35 மைலாக வரையறுக்குமாறும் ரயர்களைக் காலந்தோறும் பரிசோதிக்குமாறும் விதந்துரைத்தது. பெற்றோல் பங்கிடப்பட்டது பெற்றோலைச் சேமிப்பதற்காக அன்று, ரயரைச் சேமிப்பதற்காகவே என்பதை மாணவர் பலர் அறியார். வாடகை வாகனங்களும் லொறிகளும் ஓடுதற்குப் போர்க்காலத் தேவைச் சான்றிதழ் பெறவேண்டியிருந்தது. குறித்த காலத்துக்கொரு முறை ரயர்களைப் பரிசோதிப்பித்தல் அவற்றின் சொந்தக்காரருக்குக் கடமையாயிற்று. நல்ல சாரதியின் பழக்கமாக இருந்தது முதன்முதலாக அரசின் கட்டளையாயிற்று. ஆனாற் கட்டளையின் நோக்கம் போருக்கு இறப்பர். வீதியிற் செல்வோரின் உயிரன்று.

இலங்கை இவ்விடத்திற் கதைக்குள் நேரடியாக நுழைகின்றது. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட நாற்றுகளாற் கெனரத்கொடையில் வேரூன்றிய மரம், மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளின் தலையாய இயற்கை இறப்பர் ஊற்றாயிற்று. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தொன் இங்கிருந்து எடுக்கப்பட்டது. அதற்காக மரத்தின் வருங்காலத்தைப் பாராது பட்டையை முழுதும் வெட்டும் 'கொலைப் பால்வெட்டு' அனுமதிக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்குப் பால் சுரந்திருக்கவேண்டிய மரங்கள் ஓரிரு ஆண்டுகளில் வற்றின. அமெரிக்க வீதியிற் பரிசோதனைச் சாவடி தோன்றியதற்கும் களுத்துறைத் தோட்டத்தில் மரம் பட்டதற்கும் காரணம் ஒன்றே.

அவ்வாறு சேமித்த இறப்பர் பிரான்சில் எவ்வாறு செலவாயிற்று என்பதும் நோக்கத்தக்கது. நோர்மண்டியிலிருந்து விரைந்து முன்னேறிய படைகளுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசெல்ல 'சிவப்புப் பந்து' எனப்பட்ட லொறிச் சேவை 1944 ஓகஸ்ற் 25 முதல் நவம்பர் 16 வரை இயங்கியது. உச்ச நாளில் ஏறக்குறைய 6,000 வாகனங்கள் 12,000 தொன்னுக்கு மேற்பட்ட சரக்கைப் பெயர்த்தன. சாரதிகளில் நான்கிலொரு பங்கு நீங்கலாக ஏனையோர் கறுப்பினத்தவர். படைக்குள்ளும் இனப்பாகுபாட்டுக்கு உட்பட்டிருந்தோர். இரண்டரைத் தொன் லொறியில் அதனிலும் மிகுந்த பாரம் ஏற்றப்பட்டது. மணிக்கு 25 மைல் என்ற வரையறை ஏட்டில் இருந்தது. வீதியோரத்தில் வீசப்பட்ட உணவுத் தகரப்பேணிகள் ரயர்களைக் கிழித்தன; ஒட்டுப் போடுதற்குப் பொருளுமில்லை, கருவியுமில்லை, நேரமுமில்லை. முந்திய மாதங்களில் சராசரி 29,142 ஆக இருந்த ரயர் மாற்றீடு செப்ரெம்பரில் 55,059 ஆக உயர்ந்ததென இராணுவ வரலாறு பதிவுசெய்கின்றது. சாரதிகளின் கவனயீனம் என்று இதற்குப் பெயரிடுதல் எளிது. பாரத்தையும் நேரத்தையும் வகுத்தவர் சாரதியல்லர் என்பதையும் அவ்வரலாற்றோடு சேர்த்து வாசித்தல் வேண்டும்.

போருக்குப் பின் ரயரின் கட்டமைப்பு மாறியது. உருக்குக் கம்பியிழையாலான லொறி ரயரை மிச்சலின் 1937இலேயே ஆக்கியிருந்தது. 1952இல் ஆரை அமைப்பு ரயர் லொறிக்கும் வந்தது. ரயர் நெடுநாள் உழைத்தது. ஆனால் அதனைக் கழற்றிப் பூட்டும் தொழிலாளியின் ஆபத்துக் குறையவில்லை. பாரவண்டிச் சில்லின் இரும்புவளையம் பல துண்டுகளாலாயது. பூட்டுவளையம் சரிவரப் பொருந்தாத நிலையிற் காற்று ஏற்றினால் அது எறிகணைபோற் பாய்ந்து ஆளைக் கொல்லும். உருக்கிழை ரயர் குறைகாற்றில் ஓடியிருப்பின், பக்கச்சுவரின் கம்பிகள் உள்ளே களைத்து நிற்கும். பின் காற்று ஏற்றும்போது வரிசையாக அறுந்து வெடிக்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிருவாகம் 1980இற்றான் பல்துண்டு வளையங்களுக்கான விதிகளை ஆக்கியது. கூண்டுக்குள் வைத்தே காற்று ஏற்றவேண்டும். குறித்த அமுக்கத்தின் 80 வீதமோ அதற்குக் குறைவோ கொண்டு ஓடிய ரயரை, வால்வின் உட்பகுதியைக் கழற்றிக் காற்றை முற்றாக வெளியேற்றிய பின்னரே அச்சிலிருந்து எடுக்கவேண்டும் என்பன அவற்றுட் சில. 1942இல் ரயருக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு, அதைத் தொடும் கைகளுக்குக் கிடைக்க 38 ஆண்டுகள் சென்றன.

இறுதியாக அறியப்பட்ட பகை காலம். இறப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். ஒட்சிசன் மெதுவாக உட்புகுந்து அதன் நெகிழ்ச்சியைக் கெடுக்கும். தவாளிப்பின் ஆழத்தை மாத்திரம் அளக்கும் சட்டத்துக்கு இது புலப்படாது. 2012 செப்ரெம்பர் 10இல் இங்கிலாந்தின் சறே மாவட்டத்து கைன்ட்கெட் அருகே, இசைவிழாவொன்றிலிருந்து இளைஞரை ஏற்றித் திரும்பிய பஸ்வண்டியின் முன்ரயர் வெடித்தது. சாரதியும் பயணிகள் இருவரும் இறந்தனர். தவாளிப்புச் சட்டப்படி போதியதாகவே இருந்தது. ஆனால் அந்த ரயரின் வயது பத்தொன்பதரை ஆண்டு. வண்டியைவிட ரயர் மூத்தது. இறந்த இளைஞர் ஒருவரின் தாயார் சட்டமாற்றம் வேண்டி ஆண்டுக்கணக்கில் இயக்கம் நடத்தினார். முதலில் அரசு ஆலோசனை மாத்திரமே வழங்கியது. 2021 பெப்ரவரி 1 முதல், பத்தாண்டுக்கு மேற்பட்ட ரயர்களை லொறி, பஸ் ஆகியவற்றின் முன்னச்சிலும் சிற்றூர்திகளின் ஒற்றைச் சில்லுகளிலும் பயன்படுத்தல் பிரித்தானியாவிற் தடைசெய்யப்பட்டது. பின்னச்சின் இரட்டைச் சில்லுகளுக்கு அத்தடை இல்லை. அவற்றின் பக்கச்சுவரில் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்கள் வாசிக்கத்தக்கனவாக இருத்தல் மட்டுமே வேண்டப்படுகின்றது.