நாற்பத்திரண்டாம் நாளுக்குப் பின்: பிரசவித்த பெண்ணும் செயல்வழிச் சிகிச்சையும்

பிரசவத்துக்குப் பின் வரும் சிறுநீர்க் கசிவை மகளிர் மருத்துவரும், மனச்சோர்வை மனநல மருத்துவரும் தனித்தனியே பார்ப்பது நம் மருத்துவமனைகளின் வழக்கம். அந்தப் பெண்ணுக்கோ இரண்டும் ஒரே நாளின் வேலைகளுக்கு நடுவே நேர்கின்றன. அன்றாட வேலையையே சிகிச்சையின் களமாகக் கொள்ளும் துறை ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சை. பேறுகாலப் பராமரிப்பில் அதற்கு இடம் தராதது பெருங்குறை என்பதே என் வாதம்.

தென் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் லிஃப்ட் இல்லாத பழைய மாடி வீடுகள் இன்னும் உண்டு. ரவீந்திர சரோவர் ஏரியை ஒட்டிய இந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. மகளின் பிரசவத்துக்கு ஊரிலிருந்து வரும் தாய், பச்சை உடம்புக்காரி என்று பூண்டும் சுக்குமாகப் பத்தியம் சமைத்து, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி, நாற்பது நாள் மகளைக் குனியவே விடமாட்டார். அந்த ஓய்வு அருமையானது; அதைப் பழமை என்று தள்ளுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வயிற்றுக் கட்டு இடுப்புத் தளத் தசைக்குப் பயிற்சி தராது. தாய் ஹவுராவில் ரயில் ஏறியதும் வீட்டு வேலை முழுவதும் மகளின் தலையில் விழுகிறது.

நிறைந்த வாளியைத் தூக்கும்போது அவள் மூச்சைப் பிடிக்கிறாள். வயிற்றுக்குள் எழும் அழுத்தம், பிரசவத்தில் தளர்ந்த அந்த இடுப்புத் தளத் தசைமேல் இறங்க, உடை நனைகிறது. தும்மினாலும் இதே கதை. யாரிடம் சொல்வது? தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள். ரவீந்திர சரோவரில் மாலை நடையும் நின்றுபோகிறது. வெளியே போகாத பெண்ணுக்குப் பேச ஆளில்லை. தூக்கமும் கெட்டுக் கிடக்கிறது. மனச்சோர்வுக்கு வேறு காரணங்கள் பல இருந்தாலும் இதுவும் ஒரு வாசல்.

இது அரிதான துன்பமன்று. பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்குக் கசிவு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. 2002இல் வெளிவந்த ஆய்வுகளில், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 11 விழுக்காட்டுத் தாய்மாருக்கும் கோவாவில் 23 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு கண்டறியப்பட்டது. அதை இனங்காண உதவும் எடின்பரோ அளவுகோல் (1987) தமிழிலும் வங்காள மொழியிலும் சோதித்துச் சீர்செய்யப்பட்டுள்ளது. அதன் 10 கேள்விகளில் ஒன்றுகூடச் சிறுநீர்க் கசிவைத் தொடுவதில்லை.

செயல்வழிச் சிகிச்சையாளர் கேள்வியை வேறிடத்தில் தொடங்குகிறார்: எந்த வேலை முடியவில்லை, அதில் எது உனக்கு முக்கியம்? கனடாவில் உருவான செயல்திறன் அளவீட்டில் அந்தப் பெண்ணே தன் செயலுக்கும் மனநிறைவுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறாள். திட்டம் அதிலிருந்து பிறக்கிறது. வாளியைப் பாதி நிரப்பு. தசையைச் சுருக்கி, மூச்சை விட்டபடி தூக்கு. முதுகைத் தாங்கும் இருக்கையில் அமர்ந்து பால் கொடு. இரவில் ஒருமுறை குழந்தையைக் கணவர் ஏற்கட்டும். முதல் வாரம் தெருமுனை வரை, பிறகு ஏரிக்கரை.

தசைப் பயிற்சி இயன்முறை மருத்துவரின் வேலையல்லவா என்று கேட்கலாம். அவருடைய வேலைதான், அதில் போட்டி வேண்டாம். ஆனால் படுக்கையில் கற்ற பயிற்சி, குழந்தை அழும்போது வாளிக்கு முன் நிற்பவளுக்கு நினைவில் வரவேண்டும். அந்தப் பழக்கத்தைப் படியவைப்பதுதான் செயல்வழிச் சிகிச்சையாளரின் பங்கு. கடும் மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் மனநல மருத்துவரே முதலில். அங்கே தாமதம் கூடாது.

இதற்கான ஆட்களை உருவாக்கும் கல்வி கொல்கத்தாவிலேயே இருக்கிறது. வடகோடியில், பான்ஹூக்ளியில், 1978இல் தொடங்கிய தேசிய இயக்கக் குறைபாட்டு நிறுவனம் இத்துறையில் பட்டப்படிப்பு நடத்துகிறது. 2021இன் துணைமருத்துவத் தொழில்கள் சட்டமும் இத்துறையை ஏற்றுள்ளது. பேறுகாலப் பராமரிப்புத் திட்டத்தோடு இவை இணைக்கப்படவில்லை என்பதுதான் குறை. மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்காக ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர் 3ஆம் நாள் தொடங்கி 42ஆம் நாள் வரை ஆறு முறை வீட்டுக்கு வருகிறார். தாயைப் பற்றி அவர் கேட்பவை பெரும்பாலும் ரத்தப்போக்கு, காய்ச்சல் போன்ற ஆபத்து அறிகுறிகளே.

ஆறாம் வருகையில் இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: உனக்குச் சிறுநீர் கசிகிறதா? எந்த வேலையையாவது, எந்த இடத்தையாவது தவிர்க்கத் தொடங்கியிருக்கிறாயா? ஆம் என்று பதில் வந்தால் அவளை அனுப்புவதற்கு, மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு செயல்வழிச் சிகிச்சையாளரை மாநில அரசுகள் நியமிக்க வேண்டும்.