அப்டேட், பாஸ்வேர்டு, வீடியோ கால்... பெரிய நிறுவனங்களுக்குள் ஹேக்கர்கள் நுழையும் 3 வாசல்கள்!

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் காலையிலேயே சர்வர் படுத்துவிட்டது. நோயாளிகள் பதிவு, லேப் ரிப்போர்ட், பில் எல்லாமே பேனா, பேப்பருக்கு மாறின. வரிசை நீண்டுகொண்டே போனது. ஆன்லைன் சேவை ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பவே சுமார் இரண்டு வாரங்கள் ஆகின.

காரணம், ரான்சம்வேர். கம்ப்யூட்டருக்குள் புகுந்து ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, 'காசு கொடுத்தால்தான் சாவி' என்று மிரட்டும் டெக்னிக் இது. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்றும் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. ஒரு ரூமில் பிடித்த தீ, நடுவில் சுவர் இல்லாததால் வீடு முழுக்கப் பரவுவது மாதிரி!

சரி, இவங்க உள்ளே வருவது எப்படி?

1. தள்ளிப்போட்ட அப்டேட்

2017 மே மாதம் 'வான்னாக்ரை' 150 நாடுகளுக்கு மேல் பரவியது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் மட்டும் சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகின. இத்தனைக்கும், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

2. மறந்துபோன பாஸ்வேர்டு

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் முடங்கியது. பெட்ரோல் பங்க்குகளில் கூட்டம் அலைமோதியது. ஹேக்கர்கள் நுழைந்தது, யாருமே பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் அக்கவுன்ட் வழியாக. அதற்கு ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டு எதுவும் இல்லை. நிறுவனம் கொடுத்த பணம், சுமார் 44 லட்சம் டாலர். அதில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு பிறகு மீட்டது.

3. போலி முகம்

இது லேட்டஸ்ட் ரகம். 2024-ல் வெளிவந்த அரூப் நிறுவன மோசடியில், ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவர் வீடியோ மீட்டிங்கில் கலந்துகொண்டார். ஸ்கிரீனில் நிதித்துறைத் தலைவரும் சக ஊழியர்களும் இருந்தார்கள். அத்தனை பேரும் டீப்ஃபேக்! அவர் 15 தவணைகளில் அனுப்பிய பணம், 20 கோடி ஹாங்காங் டாலர்.

மூன்றிலும் கவனிச்சீங்களா? சுவரை யாரும் உடைக்கவில்லை. திறந்து கிடந்த கதவு வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். அந்தக் கதவு நம்ம ஆபீஸ் லேப்டாப்பாகவும் இருக்கலாம், ஆபீஸ் மெயில் ஓடும் நம்ம போனாகவும் இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

* 'ரிமைண்ட் மீ லேட்டர்' கொடுக்காமல், அப்டேட்டை அன்றைக்கே போடுங்கள்.
* ஆபீஸ் மெயிலுக்கு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் கட்டாயம். வேலை மாறும்போது பழைய லாகினை மூடச் சொல்லுங்கள்.
* 'அவசரம், உடனே பணம் அனுப்பு' என்று பாஸே வீடியோவில் வந்தாலும், கட் பண்ணிவிட்டு அவருடைய வழக்கமான நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.
* தப்பான லிங்க்கைத் தொட்டுவிட்டீர்களா? திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள். நெட்டை ஆஃப் செய்துவிட்டு, ஐடி டீமிடம் உடனே சொல்லுங்கள். சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் 'செர்ட்-இன்' அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய விதி.
* பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930-க்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு!