மார்பகப் புற்றுநோய் அறுவை ஆய்வும் ஆசிரியப் பொறுப்பும்: பி-06 ஆய்வின் வரலாறு

பி-06 என்பது மார்பகப் புற்றுநோய்க்கு முழு மார்பகத்தையும் அகற்ற வேண்டுமா, கட்டியை மட்டும் அகற்றினால் போதுமா என்பதை அறிய வட அமெரிக்காவில் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வாகும். 1976ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வாய்வின் முதல் முடிவுகள் 1985இல் வெளியாயின. மார்பகத்தைக் காக்கும் அறுவை முறை உலகெங்கும் பரவ இது முக்கிய காரணமாக அமைந்தது. 1994ஆம் ஆண்டில் இதன் தரவுகளில் ஒரு பகுதி திருத்தப்பட்டிருந்த செய்தி வெளிவந்தபோது, ஓர் ஆய்வுக் கட்டுரையில் பெயர் இடம்பெற்றிருப்பவர் எதற்கெல்லாம் பொறுப்பாளி என்ற கேள்வியும் எழுந்தது. புற்றுநோய் அறுவை மருத்துவத்தின் வரலாறும் ஆசிரியத்துவம் பற்றிய ஆய்வின் வரலாறும் சந்திக்கும் இடமாக இந்நிகழ்வைக் கொள்ளலாம்.

ஹால்ஸ்டெட் முறை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மார்பகப் புற்றுநோய் தோன்றிய இடத்திலிருந்து அடுத்தடுத்த திசுக்களுக்கு ஒழுங்காகப் பரவுகிறது என்று அறுவை மருத்துவர்கள் கருதினர். அப்படியானால், எவ்வளவு அகலமாக வெட்டி அகற்றுகிறோமோ அவ்வளவுக்கு நோய் திரும்பாது என்பது அவர்களின் முடிவு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒன்றாக அகற்றும் அறுவையை உருவாக்கினார். 50 நோயாளிகளைப் பற்றிய அவரது அறிக்கை 1894இல் வெளியானது. அதே ஆண்டில் நியூயார்க்கின் வில்லி மேயரும் ஏறத்தாழ இதே முறையைத் தனியாக விவரித்திருந்தார். எனினும் அறுவை முறை ஹால்ஸ்டெட்டின் பெயராலேயே அழைக்கப்பட்டது.

இம்முறை ஏறத்தாழ 80 ஆண்டுகள் அமெரிக்காவில் கோலோச்சியது. அறுவை செய்துகொண்ட பெண்கள் பலருக்குக் கை வீங்கியது. தோள் அசைவு குறைந்தது. மார்புக் கூடு குழிந்து காணப்பட்டது. அறுவை செய்த இடத்தில் நோய் திரும்புவது குறைந்தாலும், எலும்பு, நுரையீரல் போன்ற தொலை உறுப்புகளில் அது தோன்றி உயிரைப் பறிப்பது நிற்கவில்லை. இலண்டனில் ஜெஃப்ரி கெயின்ஸ் 1920களிலேயே ரேடியம் ஊசிகளையும் சிறிய அறுவையையும் கொண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜார்ஜ் கிரைல் இளையவர் 1950களில் பெரிய அறுவையின் தேவையைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஆனால் இவர்கள் முன்வைத்தவை தனி மருத்துவரின் அனுபவங்களாகவே பார்க்கப்பட்டன. ஒரு பெரிய பெயருக்கு எதிராக இன்னொரு பெயரை நிறுத்துவதால் வழக்கு முடிவதாக இல்லை.

பெயரிலிருந்து ஒப்பீட்டுக்கு

இந்நிலையை மாற்றியவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் பெர்னார்டு ஃபிஷர். புற்றணுக்கள் தொடக்கத்திலேயே இரத்தத்தின் வழியாக உடலில் பரவக்கூடும், ஆகவே வெட்டும் அளவைக் கூட்டுவது உயிரைக் காக்காது என்பது அவரது கருத்து. இதைச் சோதிக்க ஒரு மருத்துவமனையின் நோயாளிகள் போதாது. 1967இல், பல மருத்துவமனைகள் இணைந்த தேசிய மார்பகப் புற்றுநோய் ஆய்வுக் கூட்டமைப்பின் தலைவராக அவர் பொறுப்பேற்றார்.

1971இல் தொடங்கிய பி-04 ஆய்வில் 1,665 பெண்கள் சேர்ந்தனர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது. ஹால்ஸ்டெட் அறுவைக்கும் தசைகளை விட்டுவைக்கும் சிறிய அறுவைக்கும் இடையே உயிர்வாழும் காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று இவ்வாய்வு காட்டியது.

அடுத்த கேள்வி, மார்பகத்தையே காக்க முடியுமா என்பது. பி-06 ஆய்வில் 4 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டி உடைய பெண்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழுவுக்கு முழு மார்பகம் அகற்றப்பட்டது. இரண்டாம் குழுவுக்குக் கட்டி மட்டும் அகற்றப்பட்டது. மூன்றாம் குழுவுக்குக் கட்டியை அகற்றியபின் கதிர்வீச்சுச் சிகிச்சையும் தரப்பட்டது. இதே காலத்தில் இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 701 பெண்களிடம் இதையொத்த ஆய்வை நடத்தி, 1981இல் முடிவுகளை வெளியிட்டார். 1985இல் வந்த பி-06 முடிவுகளும் அவற்றோடு ஒத்துப்போயின. 1990இல் அமெரிக்கத் தேசிய உடல்நலக் கழகம் கூட்டிய வல்லுநர் மாநாடு, தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் உள்ள பெரும்பாலான பெண்களுக்கு மார்பகம் காக்கும் சிகிச்சையே விரும்பத்தக்கது என்று அறிவித்தது.

இரண்டு தேதிகள்

1990இல் கூட்டமைப்பின் பணியாளர்கள், கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள செயின்ட் லூக் மருத்துவமனையிலிருந்து வந்த பதிவுகளில் ஒரு முரண்பாட்டைக் கண்டனர். ஒரே நோயாளியின் அறுவை பற்றிய அறிக்கை இரண்டு வடிவங்களில் இருந்தது. தேதியைத் தவிர மற்றவை ஒன்றாகவே இருந்தன. ஆய்வில் சேரத் தகுதியுள்ள கால வரம்பைக் கடந்த நோயாளியைத் தகுதியுள்ளவராகக் காட்டத் தேதி மாற்றப்பட்டிருந்தது. கூட்டமைப்பு 1991இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு இதைத் தெரிவித்தது. அரசு விசாரணை 1993இல் முடிந்தது. அம்மருத்துவமனையின் ஆய்வுப் பொறுப்பாளரான ரோஜே புவாசோன், பல ஆய்வுகளில் மொத்தம் 115 இடங்களில் தரவுகளைத் திருத்தியோ புனைந்தோ இருந்தார் என்று அது கண்டறிந்தது. எட்டு ஆண்டுகளுக்கு அமெரிக்க அரசின் ஆய்வு நிதி அவருக்கு மறுக்கப்பட்டது. நோயாளிகளுக்கு ஆய்வின் பயன் கிடைக்க வேண்டும் என்றே அவ்வாறு செய்ததாக அவர் பின்னர் விளக்கம் அளித்தார்.

விசாரணை முடிவு அரசிதழில் வந்திருந்தும் மருத்துவர்களும் நோயாளிகளும் அதை அறியவில்லை. 1994 மார்ச்சில் சிகாகோ டிரிபியூன் நாளிதழ் செய்தியாக வெளியிட்டபோதுதான் விவரம் பரவியது. கட்டியை மட்டும் அகற்றிக்கொண்ட பெண்கள், தாம் நம்பிய சிகிச்சை பொய்யின் மீது நின்றதோ என்று அஞ்சினர். உண்மை தெரிந்தும் இதழுக்கும் வாசகர்களுக்கும் சொல்லாமல் இருந்தது ஏன் என்று கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழின் ஆசிரியர்கள் கேட்டனர். ஃபிஷர் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மருத்துவ நூற்பட்டியல்களில் அவரது கட்டுரைகள் பலவற்றின்மீது அறிவியல் முறைகேடு என்ற எச்சரிக்கைக் குறிப்பு இடப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். குறிப்புகள் பின்னர் நீக்கப்பட்டன. 1997இல் அரசு விசாரணை அவர்மீது குற்றமில்லை என்று முடிவுசெய்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்து, 27.5 இலட்சம் டாலர் தர உடன்பட்டது.

முடிவு நிலைத்த விதம்

செயின்ட் லூக் மருத்துவமனை பி-06 ஆய்வில் சேர்த்த நோயாளிகள் 354 பேர். இது மொத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இவர்களை விலக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்ட முடிவுகள் 1995இல் வெளியாயின. முடிவு மாறவில்லை. 2002இல் வந்த 20 ஆண்டு அறிக்கையில், முழு மார்பகம் அகற்றப்பட்டவர்களில் 47 விழுக்காட்டினரும், மார்பகம் காக்கப்பட்ட இரு குழுக்களிலும் 46 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் அது 14.3 விழுக்காடாக இருந்தது. மிலான் ஆய்வின் 20 ஆண்டு முடிவும் இதை உறுதிசெய்தது.

ஹால்ஸ்டெட் முறையின் நம்பகம் ஒரு பெயரைச் சார்ந்திருந்தது. பி-06 முடிவோ பல மையங்கள், தனித்தனிப் பதிவுகள், மறுகணக்கு ஆகியவற்றைச் சார்ந்திருந்ததால் ஒரு தூண் சாய்ந்தும் கட்டடம் நின்றது. முரண்பாட்டைக் கண்டுபிடித்தவர்களும் புகழ்பெற்ற மருத்துவர்கள் அல்லர்; பதிவுகளை ஒப்பிட்டுச் சரிபார்த்த பணியாளர்களே.

ஆசிரியர் என்பவர் யார்?

1985ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் ஃபிஷருடையது. நான்காவது பெயர் புவாசோனுடையது. அவ்வரிசையில் அறுவை மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் நோய்க்குறியியல் அறிஞரும் கதிர்வீச்சு மருத்துவர்களும் இருந்தனர். யார் திட்டமிட்டார், யார் நோயாளிகளைச் சேர்த்தார், யார் கணக்கிட்டார், யார் எழுதினார் என்பதை அவ்வரிசை சொல்லவில்லை. பல மைய ஆய்வுகளில், அதிக நோயாளிகளைச் சேர்த்த மருத்துவருக்கு ஆசிரியர் இடம் தருவது பரவலான வழக்கம். நோயாளிகளின் எண்ணிக்கை பெயராக மாறும்போது, தகுதியில்லாதவரையும் சேர்க்கும் ஆசை பிறக்க இடமுண்டு.

ஆசிரியத்துவத்துக்கு விதிகள் அதற்கு முன்பே இருந்தன. 1978இல் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களின் குழு, 1985இல் ஆசிரியர் ஆவதற்கான தகுதிகளை வரையறுத்தது. ஆனால் விதிக்கும் நடைமுறைக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்து பார்த்தபோதுதான் சிக்கலின் அளவு தெரிந்தது. அதற்கு ஆய்வாளர்கள் கையாளும் முக்கிய முறைகள் பின்வருமாறு:

முதலாவது, ஒரு கட்டுரைக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று ஆண்டுதோறும் எண்ணுவது. கூட்டு ஆய்வு வளர்ந்ததை இது காட்டும். யாருடைய பங்கு உண்மையானது என்பதைக் காட்டாது.

இரண்டாவது, ஆசிரியர்களிடமே கேட்பது. 1998இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவ இதழ்களில் வந்த 809 கட்டுரைகளை ஆராய்ந்தது. 19 விழுக்காட்டில் பங்களிக்காமல் பெயர் பெற்ற கௌரவ ஆசிரியர்களும், 11 விழுக்காட்டில் பங்களித்தும் பெயர் பெறாத மறைமுக ஆசிரியர்களும் இருந்ததற்குச் சான்று கிடைத்தது.

மூன்றாவது, உள் ஆவணங்களைப் படிப்பது. ரோஃபெகாக்சிப் என்ற வலி மருந்து தொடர்பான வழக்குகளில் வெளிவந்த ஆவணங்களைக் கொண்டு, நிறுவனத்தார் எழுதிய கட்டுரைகளுக்குப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பின்னர் ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டதை 2008இல் ஆய்வாளர்கள் விளக்கினர்.

நான்காவது, சொற்களின் நிகழ்வை எண்ணி எழுத்தாளரை அடையாளம் காணும் நடையியல் ஆய்வு. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் ஆசிரியர் யார் என்ற விவாதமிருந்தவற்றை மோஸ்டெல்லரும் வாலசும் 1964இல் இம்முறையால் ஆராய்ந்தனர். பலர் கைபட்டு ஒரே அச்சில் வார்க்கப்படும் மருத்துவக் கட்டுரைகளுக்கு இது எளிதில் பொருந்துவதில்லை.

பங்களிப்புப் பட்டியல்

1997இல் டிரம்மண்ட் ரென்னி உள்ளிட்ட மூவர், ஆசிரியர் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக ஒவ்வொருவரின் பணியையும் வெளிப்படையாக எழுதவும், முழு ஆய்வுக்கும் உறுதியளிப்பவர் யார் என்று குறிப்பிடவும் பரிந்துரைத்தனர். திரைப்படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் போன்றது இது. இலான்செட் போன்ற இதழ்கள் இதை அவ்வாண்டிலேயே ஏற்கத் தொடங்கின. 14 வகைப் பங்களிப்புகளைக் கொண்ட பொதுவான வகைப்பாடு பின்னர் உருவாகி, இன்று பல இதழ்களில் வழக்கிலுள்ளது. வான்கூவர் குழு 2013இல் தன் விதிகளில் நான்காவது தகுதியைச் சேர்த்தது: கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றி ஐயம் எழுந்தாலும் அது விசாரித்துத் தீர்க்கப்படுவதற்கு ஒவ்வோர் ஆசிரியரும் பொறுப்பேற்க வேண்டும்.

பட்டியல் இருந்தாலும் பொய்யான பங்களிப்பை எழுத முடியும் என்பதால், பதிவுகளைச் சரிபார்க்கும் பணிக்கு அது மாற்று ஆகாது. இருப்பினும், ஐயம் எழும்போது எங்கே தேட வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. ஃபிஷர் 2019இல் தமது 101ஆம் வயதில் காலமானார். அவரது ஆய்வின் பயனாக, மார்பகப் புற்றுநோய் தொடக்கத்திலேயே கண்டறியப்படும் பெண்கள் பலர் இன்று மார்பகத்தை இழக்காமல் சிகிச்சை பெறுகின்றனர். தம் உடலையே குலுக்கலுக்கு ஒப்புக்கொடுத்து அம்முடிவைச் சாத்தியமாக்கிய பெண்களின் பெயர்கள் எந்த ஆசிரியர் வரிசையிலும் இல்லை.